முயற்சி நானூற்று முப்பத்தொன்று

கல்முனைச் சனங்கள் அந்த வருஷம் அரசாங்கத்திடம் மூன்றே மூன்று விஷயம்தான் கேட்டிருந்தார்கள். மாரி வெள்ளம் வீட்டுக்குள் வராமல் கடலுக்குப் போக ஒரு வடிகான். கிழமைக்கு இரண்டு தரம் படார் என்று வெடிக்கிற ட்ரான்ஸ்போமருக்குப் பதிலாக வெடிக்காத ஒன்று. பிறகு, பொத்துவில் பஸ்ஸுக்காக வெயிலில் காய்கிறவர்களுக்கு ஒரு கூரை. அரசாங்கம் மூன்றையும் கவனமாக வாசித்து, ஆறு மாதம் யோசித்து, சர்வதேச விளையாட்டு நோக்கல் அதிகாரசபையின் பிராந்தியக் கந்தோர் ஒன்றை அனுப்பி வைத்தது.

கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வென்ற மறு வருஷம் அது. அந்த மயக்கம் தெளியாத கொழும்புப் பெரியவர் யாருக்கோ, அடுத்தது றகர்தான் என்று தோன்றிவிட்டது. றகர் என்றால் இந்தப் பக்கம் பதினைந்து தடியன்கள், அந்தப் பக்கம் பதினைந்து தடியன்கள், நடுவில் வாத்து முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைத் தூக்கிக்கொண்டு ஓடி எதிராளியின் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் அமத்த வேண்டும். பாணமையிலிருந்து பெரியநீலாவணை வரைக்கும் கடற்கரையோரமாகத் தேடினாலும் அதை விளையாடத் தெரிந்த ஓர் ஆள் அகப்படமாட்டான். அதிகாரசபைக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. விளையாடுவது அதன் வேலையல்ல. நோக்குவதுதான் வேலை. நோக்குவதற்கு ஒரு பணிப்பாளர், பணிப்பாளருக்கு ஒரு சாரதி, சாரதிக்கு வாகனம் இன்னும் வராதபடியால் அது வருகிறதா என்று றோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க ஓர் உதவிச் சாரதி, கலந்தர் என்ற ஒரு காவலாளி, தங்கேஸ்வரி என்ற ஒரு மொழிபெயர்ப்பாளர். இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இருபத்தொரு அங்குலத்தில் ஒரு டீவி.

இந்தக் கந்தோரின் வாசலில்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே வந்து நின்றார் கச்சிமுகம்மது மாஸ்டர். றகருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் பூமிசாத்திர ஆசிரியர். கல்முனைக்குடியில் அவருடைய வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். அங்கே பூமிசாத்திரத்துக்கு மூன்று வருஷமாக ஆள் இல்லை. தையல் ரீச்சர்தான் படிப்பித்தார். உலகப் படத்தில் கண்டங்களை ஓரம் மடித்துத் தைத்தமாதிரி அழகாகக் கீறுவார். பெயர்தான் மாறிக் கிடக்கும். மாஸ்டரோ பொத்துவிலில். மூன்று மாதத் தற்காலிக இடமாற்றம் என்று போனவர். போய் ஏழு வருஷம். வெள்ளி பின்னேரம் பஸ் ஏறி, இறங்கச் சொன்ன சோதனைச் சாவடியிலெல்லாம் இறங்கி, சோதித்து முடிய நடந்து, திரும்ப ஏறி வருவார். ஞாயிறு மத்தியானம் அதே மாதிரிப் போவார். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு நாள் லீவு போட்டிருந்தார்.

இந்த ஏழு வருஷத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு போக்கியிருப்பார். ஆனால் போன நோன்பு மாதத்தில் மனைவி ஸகியாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. மாஸ்டரின் ராத்தா, அதாவது அக்காவின் மகள் ஆகிலா காலையும் பின்னேரமும் வந்து பார்ப்பாள். இடையில் கிடக்கிற நேரமெல்லாம் ஸகியாவும் முகட்டில் ஓடுகிற பல்லியும்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் மாற்றம் கிடைத்தால் மாஸ்டர் இடைவேளை மணிக்கு மதிலில் ஏறிக் குதித்தாவது வந்து ஒரு வாய் தண்ணீர் பருக்கிவிட்டுப் போகலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்காக ஏன் விளையாட்டுக் கந்தோருக்கு வந்தார் என்றால், பிராந்தியப் பணிப்பாளர் முபாறக்தான் ஆசிரியர் இடமாற்றச் சபைக்கும் செயலாளர். ஒரே அறையில் முதுகோடு முதுகாக இரண்டு கதிரை போட்டிருந்தார்.

"சேர், என்ட இடமாற்ற விசயமா வந்த."

"மாஸ்டர், இப்ப நான் நோக்கல் கதிரையில இரிக்கன். இடமாற்றம் அந்தக் கதிரை."

"அந்தக் கதிரைக்கு எப்ப சேர் வருவீங்க?"

"ரெண்டு மணிக்கு."

மாஸ்டர் ஜும்ஆவுக்குப் போய்த் தொழுதுவிட்டு இரண்டு மணிக்கு வந்தார். முபாறக் எழும்பி, மேசையைச் சுற்றி நடந்து, மற்றக் கதிரையில் இருந்து, இப்போதுதான் கண்டவர் போல, "ஆ, வாங்க மாஸ்டர்! கண்டு கனகாலம்" என்றார்.

மாஸ்டரின் கடதாசிக் கோவை திறக்கப்பட்டது. இடமாற்றத்துக்கு நூறு புள்ளி வேண்டும். மாஸ்டருக்குத் தொண்ணூறு.

"மனிசி ஏலாமக் கிடக்கா சேர். அதுக்குப் புள்ளி இல்லயா?"

"இரிக்கே. போட்டிரிக்கு. முழுக்க ஏலாட்டி இருபது. ஒங்கட மனிசிக்குப் பாதிதானே? பத்து."

மறுபாதியும் விழுந்தால்தான் நூறு சரிவரும் என்று மாஸ்டருக்குக் கணக்கு விளங்கியது.

முபாறக் இரக்கமுள்ளவர். எழும்பி, மேசையைச் சுற்றி நடந்து, நோக்கல் கதிரையில் இருந்தார். "மாஸ்டர், இந்தக் கதிரையில இரிந்து ஒரு நல்ல செய்தி செல்றன். நாளைக்கு நம்மட நாட்டு றகர் டீம் வெளிநாட்டில விளையாடுது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு நோக்குநர் வேணும். மெச்சைப் பாத்து விளையாடுற ஆக்களுக்கு மார்க்ஸ் போடணும். நீங்க ஓ.எல். பரீட்சைப் பேப்பர் திருத்துற ஆள். செய்யுங்க. தேசிய சேவை எண்டு பத்துப் புள்ளி. திங்கக்கிழமை அந்தக் கதிரையில இரிந்து ஒப்பம் வெக்கன்."

"எனக்கு றகர் தெரியா சேர்."

"அதுதான் தகைமை. தெரிஞ்சவன் பக்கம் சாய்வான்."

படிவத்தை வாங்கத் தங்கேஸ்வரியிடம் போனார். பாண்டிருப்புப் பெண், மாஸ்டரிடம் ஒரு காலத்தில் ரியூஷன் படித்தவள். பதினெட்டுப் பக்கப் படிவத்தை எடுத்து நீட்டினாள். மாஸ்டர் நின்றபடியே வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்ப வாசித்தார்.

"தங்கேஸ்வரி, இதென்ன புள்ள? 'வெற்றிகரமாக நிறைவேற்றிய மதமாற்றங்களின் எண்ணிக்கை' எண்டு கிடக்கு. இது விளையாட்டா, வேற ஏதும் அலுவலா? ஊருக்குள்ள தெரிஞ்சா விசாரிக்க என்னைப் பள்ளிவாசலுக்கெல்லோ கூப்பிடுவானுகள்."

"நான் என்ன மாஸ்டர் செய்யிற? கொழும்பிலருந்து வெறும் சொல்லுதான் வந்த. நூத்திப் பதினெட்டுச் சொல்லு. விளையாட்டெண்டும் சொல்லல்ல, கிளையாட்டெண்டும் சொல்லல்ல. பின்னேரத்துக்குள்ள தமிழ் வேணுமாம். கந்தோரில கிடக்கிற அகராதி நூறு வருசத்துக்கு முந்தி வெள்ளைக்காரப் பாதிரி ஒராள் போட்டது. கொன்வேர்ஷனுக்கு அதில மதமாற்றத்தத் தவிர வேற ஒண்டும் இல்ல. அந்தாளுக்கு அதுதானே தொழில்."

"'இலையான் பாதி' எண்டா?"

"அது ஃப்ளை ஹாஃப் மாஸ்டர், ஃப்ளை எண்டா ஈ, இலையான்தானே. பத்தாம் நம்பர். 'முழு முதுகு' ஃபுல் பேக், பதினஞ்சாம் நம்பர். ரெண்டாம் நம்பர் ஹூக்கர், அதுக்கு அகராதியில கிடந்த அர்த்தத்தைப் பாத்திட்டு டக்கெண்டு மூடிப்போட்டன். 'கொழுக்கிக்காரர்' எண்டு நானாப் போட்ட."

"ட்ரைக்கு முயற்சி எண்டு போட்டிரிக்காய். அது சரி. அதில ஒரு பிழையும் இல்ல."

"அது எனக்கு அகராதி பாக்காமலே தெரியும் மாஸ்டர்" என்றாள் தங்கேஸ்வரி பெருமையாக.

வந்த வினையெல்லாம் அந்தச் சரியான சொல்லால்தான் வந்தது. றகரில் ட்ரை என்றால், பந்தைக் கோட்டுக்கு அப்பால் அமத்திப் பெறுகிற புள்ளி; அதன்பின் பந்தை உதைத்துக் கூட்டிக்கொள்வதுதான் கொன்வேர்ஷன். ஒரு முழு ஆட்டத்திலே ட்ரை இரண்டோ மூன்றோ விழும். படிவத்திலோ இப்படிக் கிடந்தது: "ஒவ்வொரு வீரரும் செய்த முயற்சிகளை ஒன்றையும் தவறவிடாது எண்ணுக. ஒரு முயற்சிக்கு ஐந்து புள்ளி." இருபது வருஷமாக விடைத்தாள் திருத்திய மாஸ்டருக்கு இதைவிடத் தெளிவான அறிவுறுத்தல் வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் ஏற்கெனவே மார்க்ஸ் போடப்பட்டிருந்தது. நம்முடைய ஆட்களுக்கு ஒன்று, இரண்டு, பூச்சியம். பத்தாம் நம்பருக்கு மட்டும் ஒன்பது. அடியில் ஆட்டத்தின் முடிவும் கிடந்தது: நமக்குப் பூச்சியம், அவர்களுக்கு அறுபத்துநான்கு. தலைமைக் கந்தோர் முன்கூட்டியே போட்டு இருபத்தைந்து மாவட்டத்துக்கும் அனுப்பியிருந்தது. நோக்குநர் செய்ய வேண்டியதெல்லாம் அதன் மேல் பேனையால் எழுதுவது. நாட்டிலுள்ள மற்ற இருபத்துநான்கு நோக்குநர்களுக்கும் இது சொல்லாமலே விளங்கியது. விடைத்தாள் திருத்துகிற மாஸ்டருக்கோ வேறு விதமாக விளங்கியது. முதல் திருத்துநர் போட்ட மார்க்ஸை இரண்டாம் திருத்துநர் பார்க்கக் கூடாது. அது பரீட்சைச் சட்டம். அவர் அந்தக் கட்டத்தைப் பின்பக்கமாக மடித்து, இரண்டு கிளிப்பும் குத்தி, சட்டைப் பையில் சிவப்புப் பேனை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு மெச். இரண்டு மணிக்கே வைபவம். டீவிக்கு மாலை போடப்பட்டிருந்தது. மாலை திரையில் பாதியை மறைத்தது. ஆனால் அதைக் கழற்ற நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. குர்ஆன் கிறாஅத், தேசிய கீதம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் முடிந்து முபாறக் எழும்பியபோது மூன்று மணி பத்து நிமிஷம். டீவியில் ஆட்டம் தொடங்கிவிட்டது. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசினார்.

"பெரியோர்களே! பந்தை உதைக்கிறவன் பந்தை மட்டுமே அறிவான். அவனை நோக்குகிறவன் அவனை அறிவான். நோக்குகிறவனை நோக்குகிறவர்கள் நாங்கள். எங்களை நோக்குவதற்கு எவருமில்லை என்பதை இவ்விடத்தில் பெருமையோடு கூறிக்கொள்கிறேன். இன்று நாம் தோற்கப்போகிறோம். எண்பத்தேழு பக்கத் தோல்வி அறிக்கை ஏற்கெனவே அச்சாகிவிட்டது. இவ்வளவு விரைவாக வேலை செய்யும் அதிகாரசபை ஆசியாவிலேயே வேறெதுவும் இல்லை."

கைதட்டினார்கள். மாஸ்டர் தட்டவில்லை. அவர் கதிரையை டீவிக்கு இரண்டடி தூரத்தில் இழுத்துப் போட்டு எண்ணத் தொடங்கியிருந்தார்.

படம் என்று அதைச் சொல்வது நம்முடைய பெருந்தன்மை. கடற்காற்றுக்கு அன்டெனா ஆடிக்கொண்டே இருந்தது. கலந்தர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கூரையில் நின்றார்.

"தெரியிதா?" என்று மேலேயிருந்து குரல் வரும்.

"எறும்பு தெரியிது கலந்தர் காக்கா!" என்பாள் தங்கேஸ்வரி யன்னலால்.

"இப்ப?"

"பெரிய எறும்பு!"

"இப்ப?"

"ஆ, ஆள் தெரியிது! அப்பிடியே நில்லுங்க, மூச்சு விடாதீங்க!"

நம்முடைய ஆட்கள் கறுப்பு மாதிரியான சாம்பல். எதிராளிகள் வெள்ளை மாதிரியான சாம்பல். எந்த நாடு என்று சொன்னால் தூதரகத்துக்கு மனம் நோகும். பெரிய நாடு என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் சின்ன ஆள் என்று இருந்தவனே நம்மூர் நெல்லுச் சூடடிக்கிற மிஷினளவு இருந்தான்.

மாஸ்டர் திருத்தினார். ஒன்றாம் நம்பர், படிவத்தின்படி 'முட்டு', குனிந்து போய் முட்டுவான். மேலே எட்டுப் பேர் விழுவார்கள். எல்லோரும் எழும்பிப் போனபின் அடியில் அவன் கிடப்பான், நெல்லுச் சாக்கு அவிழ்ந்த மாதிரி. செத்துப்போனான் என்று மாஸ்டர் நினைக்கிற நேரம் எழும்பி, காதிலிருந்து வழிகிற இரத்தத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் போய் முட்டுவான். அது ஒரு முயற்சி. திரும்பவும் முட்டுவான். இரண்டு. முதல் பாதி முடியும்போது அவனுக்கு மட்டும் ஐம்பத்திரண்டு கோடு. குறிப்பு என்ற இடத்தில் "மிக நன்று. காதைக் கவனிக்கவும்" என்று எழுதினார்.

ஒன்பதாம் நம்பர் சின்னப் பெடியன். எல்லோரையும் ஏசிக்கொண்டே திரிந்தான். "வாய் அதிகம். ஆயினும் சுறுசுறுப்பு." பத்துக்கு ஏழு. பத்தாம் நம்பர் இலையான் பாதியிடம் எத்தனை தரம் பந்து வந்தாலும், வந்த வேகத்திலேயே காலால் தூர அனுப்பிவிட்டான். தனக்கு வருகிற கோவையை வாசிக்காமலே அடுத்த கந்தோருக்கு அனுப்புகிற ஆட்களை மாஸ்டர் ஏழு வருஷமாகப் பார்த்து வருகிறார். "சொந்த முயற்சி காணாது." பத்துக்கு இரண்டு. அவன் யாரோ பெரியவரின் மருமகன் என்பது மாஸ்டருக்கு எப்படித் தெரியும்?

முழு முதுகு, பாவம், கடைசியில் தனியாக நின்றான். வானத்திலிருந்து பந்து விழும். அதோடு சேர்த்து மூன்று மிஷின்களும் அவன்மேல் விழும். ஒரு தரமும் அவன் கண்ணை மூடவில்லை. ஒன்பது.

மாஸ்டரைக் குழப்பியது பதினான்காம் நம்பர். 'வலச் சிறகு' என்று கிடந்தது. திரையின் வலது ஓரத்தில், மாலையின் செவ்வந்திப் பூவுக்குக் கீழே, அவன் நின்றான். பந்து அவனிடம் வரவேயில்லை. இடுப்பில் கை வைத்து நின்றான். பந்து அந்தப் பக்கம் போனால் இரண்டடி முன்னே வருவான். திரும்பிப் போனால் இரண்டடி பின்னே. எழுபது நிமிஷமாக அவனுடைய உடுப்பில் ஒரு துளி சேறு படவில்லை. ஆனால் ஒரு நிமிஷமாவது அவன் நிலத்தில் குந்தவும் இல்லை. ஒவ்வொரு தரமும் முதல் தரம் போலவே முன்னுக்கு வந்தான். வராத ஒன்றுக்கு வெளிக்கிடுவது முயற்சியா இல்லையா என்று படிவத்தில் இல்லை. மாஸ்டர் சிவப்புப் பேனையை மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவன் முன்னுக்கு வந்த ஒவ்வொரு தரத்துக்கும் ஒவ்வொரு கோடு போட்டார். பத்துக்கு ஒன்பது. குறிப்பு: "நின்றார்."

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருந்தது. எட்டுக்குப் பன்னிரண்டு, நாம் பின்னுக்கு. முட்டுக்காரன் எங்கேயோ அடியிலிருந்து பந்தைப் புடுங்கி எறிந்தான். அது கை மாறி, கை மாறி, செவ்வந்திப் பூவை நோக்கி வந்துகொண்டிருந்தது. பதினான்காம் நம்பர் இடுப்பிலிருந்து கையை எடுத்தான்.

படார்.

ட்ரான்ஸ்போமர் தன் கடமையைச் செய்தது. டீவியில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சி, அதுவும் சுருங்கிப் போனது.

"இப்ப தெரியிதா?" என்று கூரையிலிருந்து கலந்தர் கேட்டார்.

முபாறக் கொஞ்சமும் அசரவில்லை. அறிக்கையைப் பிரித்துத் தோல்வியுரையைத் தொடங்கிவிட்டார். "இந்தக் கசப்பான தோல்வியை ஏற்றுக்கொள்ளும் அதேவேளை..." என்று அவர் சொன்ன நேரம், முன்னாலிருந்த தேத்தண்ணிக் கடையில் பற்றரி ரேடியோ வைத்திருந்தவர்கள் கூரை பறக்கக் கத்தினார்கள். ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வந்த உதவிச் சாரதி மூச்சு வாங்கச் சொன்னான்: "சேர், வெண்டுட்டமாம்! பதிமூணுக்குப் பன்னெண்டு! பதினாலாம் நம்பர் கொண்டுபோய் வெச்சிட்டானாம்!"

முபாறக்கின் முகம், யாரோ மையத்தான சாவுச் செய்தி கேட்ட முகம் போலானது. "இன்னாலில்லாஹி," என்றார் மெதுவாக. "அறிக்கை காலையிலயே கொழும்புக்குப் போயிட்டே."

படிவத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த மாஸ்டர் ஸகியாவைத் தலையணையில் சாய்த்து இருத்தி எல்லாவற்றையும் சொன்னார். மதமாற்றக் கட்டத்தில் "எனக்குத் தெரிந்தவரை எவரும் மதம் மாறவில்லை, மாறியிருந்தால் அது அவரவர் விருப்பம்" என்று தான் எழுதியதைச் சொன்னபோது ஸகியாவுக்குச் சிரிப்பு வந்தது. நோன்புக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தரம். முகத்தின் ஒரு பக்கத்தால்தான் சிரிக்க முடிந்தது. அந்த ஒரு பக்கம் போதுமாக இருந்தது மாஸ்டருக்கு.

"அப்ப திங்கக்கிழம ஒப்பம் வெப்பாரா?" என்று குழறிக் கேட்டாள்.

"இன்ஷா அல்லாஹ்."

திங்கட்கிழமை ஒப்பம் வரவில்லை. விசாரணை வந்தது. மேலதிகத் தலைமை நோக்குநர் சீனிமுகம்மது கொழும்பிலிருந்து வந்திறங்கினார். விசாரணையின் தலைப்பு: "வெற்றிக்குப் பொறுப்பானவர் யார்?"

மாஸ்டரை முக்காலியில் இருத்தினார்கள். பொத்துவிலுக்கு இன்னொரு நாள் லீவு போயிற்று.

"நீங்கள் எண்ணிய முயற்சி எத்தனை?"

"நம்மட ஆக்கள் நானூத்தி முப்பத்தொண்டு. அவங்க முந்நூத்தி எண்பத்தெட்டு. அவங்களும் பாடுபட்டவங்கதான் சேர். பக்கம் சாயல்ல."

சீனிமுகம்மது கணக்குப் பொறியைத் தட்டினார். "உங்களுடைய அம்பாறை மாவட்டப் படிவத்தின்படி இலங்கை இரண்டாயிரத்து நூற்றைம்பத்தைந்து, எதிரணி ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பது. ஏனைய இருபத்துநான்கு மாவட்டப் படிவங்களின்படியும் இலங்கை பூச்சியம், எதிரணி அறுபத்துநான்கு. இருபத்தைந்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எதிரணி நூற்றுமுப்பத்தொன்பது தசம் பூச்சியம் நான்கு. இலங்கை எண்பத்தாறு தசம் இரண்டு."

"ஆனா மெச் பதிமூணுக்குப் பன்னெண்டுதானே சேர்?"

"அது மைதானத்தில் நடந்தது. நான் கதைப்பது கோவையில் நடந்ததைப் பற்றி. தோற்றது பிரச்சினையல்ல, தசமத்தில் தோற்க முடியாது. உலகில் எந்த நாடும் தசமத்தில் தோற்றதில்லை. ஏன் தசமம் வந்தது? உங்களால்." படிவத்தைப் புரட்டினார். "இதைவிடப் பாரதூரமான ஒன்று இருக்கிறது. பதினான்காம் நம்பர். மின்சாரம் நிற்கும்வரை பந்தைத் தொடவே இல்லை. அவருக்கு ஒன்பது மார்க்ஸ் போட்டிருக்கிறீர்கள். அவர்தான் வெல்ல வைப்பார் என்று உங்களுக்கு முன்பே எப்படித் தெரியும்? யார் சொன்னது?"

"ஒருத்தரும் செல்லல்ல சேர். நிண்டதுக்குப் போட்ட."

"நின்றதற்கா?"

"வருமெண்டு நிண்டான் சேர். எழுவது நிமிசம். அது லேசுப்பட்ட வேலயில்ல."

சீனிமுகம்மது கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியோடு கந்தோர்த் தமிழும் கழன்று விழுந்தது.

"மாஸ்டர், நான் ஒங்களுக்கு மனம்விட்டுக் கதைக்கன். தோல்வி எண்டா அதில வேலை இரிக்கு. ஏன் தோத்தம் எண்டு ஒரு குழு. குழு பிந்தினா ஏன் பிந்தின எண்டு மறு குழு. வெல்லுறவன் எப்படி வெல்லுறான் எண்டு பாத்திட்டு வர ஆறு பேருக்கு வெளிநாட்டு டிக்கட். ஒழுங்காத் தோத்தம் எண்டா இந்த அதிகாரசபை இன்னும் நாப்பது வருசம் ஓடும். வெண்டா என்ன மிச்சம்? விளையாடினவன் பேரைத் தூக்கிக்கொண்டு போயிடுவான். நாங்க எதை நோக்குற? நாட்டுக்கு வெற்றி வேணும் எண்டு நீங்க நினைக்கிற. நாடெண்டா ஆரு? விளையாடுறது பதினஞ்சு பேர். கந்தோரில நாங்க நானூறு பேர்!"

முபாறக்கின் கண் கலங்கிவிட்டது. தங்கேஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழி ஒன்று இருந்தது. மாஸ்டர் தன் படிவத்தைத் தானே திருத்தி நம்முடைய ஆட்களுக்குப் பூச்சியமும் பெரிய நாட்டுக்கு அறுபத்துநான்கும் போட்டால் இருபத்தைந்தும் ஒத்துவரும். தசமம் மறையும். பத்துப் புள்ளி கிடைக்கும்.

"யோசிச்சு லுஹர் தொழுகைக்குப் பிறகு வாங்க" என்றார் சீனிமுகம்மது.

மாஸ்டர் யோசிக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டுதான் நடந்தார். இருபது வருஷத்தில் ஒரு பிள்ளையின் ஒரு மார்க்ஸையும் அவர் கள்ளமாகக் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. இல்லை என்று சொல்லத்தான் போகிறார். வீட்டுக் கதவைத் திறந்தார். ஸகியா அறையில் இல்லை. பின்கட்டில், கிணற்றுக்கும் படிக்கும் நடுவில், சீமெந்தில் கிடந்தாள். ஆகிலாவுக்கு அன்று பரீட்சை, பின்னேரம்தான் வருவாள். தனியாகக் கிணற்றடிக்குப் போகலாம் என்று பார்த்திருக்கிறாள்.

"எவ்வளவு நேரமா கா கிடக்காய்?"

"இப்பதான்" என்றாள். வெயில் பட்ட கன்னம் அப்படிச் சொல்லவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தையல் ரீச்சரோடு சேர்ந்து, உலகத்தின் மிகப் பெரிய சமுத்திரம் இந்து சமுத்திரம் என்று பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவளைத் தூக்கிக் கிடத்தி, கழுவி, உடுப்பு மாற்றி, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு மாஸ்டர் கந்தோருக்குத் திரும்பிப் போனார். வேறு தமிழ்ப் படிவம் இல்லை. அம்பாறைக்கென்று ஒன்றுதான் அச்சடித்திருந்தார்கள். சிவப்பு மை இறப்பரால் அழிபடாது. தங்கேஸ்வரி பாதி பிளேட் ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சுரண்டினார். முட்டின் கோடுகளை ஒவ்வொன்றாக. கொழுக்கிக்காரரை. முழு முதுகை. சிவப்புத் தூள் மேசையில் கொட்டுண்டது, ஊதிவிட்டார். கொடுத்த மார்க்ஸைப் பிடுங்கக் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம் பதினான்காம் நம்பருக்கு வந்தார். அந்த இடத்தில் பேனையை அழுத்தி எழுதியிருந்தார் போல. பிளேட் கடதாசியைத் தாண்டிப் போய் ஓட்டை விழுந்துவிட்டது.

சீனிமுகம்மது படிவத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். ஓட்டையால் அவருடைய ஒரு கண் தெரிந்தது.

"பரவாயில்ல மாஸ்டர். வட்டமாத்தான் விழுந்திரிக்கு. பூச்சியமா எடுக்கலாம்."

இலங்கை அன்று பின்னேரம் நான்கு மணி இருபது நிமிஷத்துக்கு உத்தியோகபூர்வமாகத் தோற்றது. முபாறக் எழும்பி, மேசையைச் சுற்றி நடந்து, மற்றக் கதிரையில் இருந்து பத்துப் புள்ளியைப் பதிந்தார். நூறு. "சரி மாஸ்டர். கடிதம் தபாலில வரும்."

பிறகு நடந்தவற்றை மறைத்து என்ன? தோல்வி ஆய்வுக் குழு வெளிநாடு போய், வெல்லுகிறவர்கள் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடித்து வந்தது. வென்ற பதினைந்து பேருக்கும் ஏன் தோற்றீர்கள் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. இலையான் பாதி தலைவனாக்கப்பட்டான். மாஸ்டரின் கடிதம் மட்டும் வரவில்லை. ஐந்து மாதம், ஒவ்வொரு வெள்ளியும் பஸ்ஸால் இறங்கி வாசலுக்கு வரும் முன்பே, "கடிதம் வந்திட்டா?" என்று கேட்பார். "இன்னம் வரல்ல" என்பாள் ஸகியா உள்ளேயிருந்து.

ஆறாம் மாதம் ஒரு வெள்ளியில் கடிதம் வந்து கிடந்தது. மாஸ்டர் முற்றத்தில் நின்றே உடைத்தார்.

"தங்களது விண்ணப்பம் சாதகமாகப் பரிசீலிக்கப்பட்டு, நூறு புள்ளிகள் பெற்றமையைப் பாராட்டி, தாங்கள் கேட்டுக்கொண்டவாறே தங்களது தற்காலிக இடமாற்றம் இத்தால் முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது. இன்று தொடக்கம் தாங்கள் பொத்துவிலில் நிரந்தரமாக்கப்படுகிறீர்கள்."

நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். திருத்துவதற்கு அதில் ஒரு பிழையும் இல்லை. தற்காலிகத்தை முடித்துத் தரும்படிதான் அவர் ஏழு வருஷமாக எழுதியிருந்தார். முடித்துவிட்டார்கள்.

"கடிதமா?" உள்ளேயிருந்து ஸகியா. "என்னவாம்?"

"தற்காலிகம் முடிஞ்சிட்டாம்" என்றார் மாஸ்டர்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று போட்ட சத்தத்துக்குப் பிறகு மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகிலாவைக் கூப்பிட்டு இனிப்புக்கு வட்டிலப்பம் அவிக்கச் சொன்னாள். கிணற்றடிக்குப் போக ஒரு கயிறு கட்ட வேண்டும், நீங்கள் பிடிக்க நான் நடந்து பழகலாம் என்றாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து முபாறக்குக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டுவிட்டுப் போனாள். சனிக்கிழமை முழுவதும் வீடு பெருநாள் மாதிரி இருந்தது. மாஸ்டர் வட்டிலப்பம் தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மாஸ்டர் சேர்ட்டை எடுத்துப் போட்டார். பொத்தான் பூட்டினார். பேக்கைத் தூக்குகிற சத்தத்துக்கு ஸகியா தலையைத் திருப்பினாள். பேக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மேசையில் மடித்து வைத்திருந்த கடிதத்தைப் பார்த்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், வாசிக்கத் தெரியும்; ஆனால் கடிதத்தை எடுத்துத் தாங்க என்று கேட்கவில்லை.

"பஸ் போக முந்தி வெளிக்கிட்டா நல்லம்" என்றாள்.

மாஸ்டர் தண்ணீர்க் கோப்பையை நிரப்பி, அவளுடைய வலக்கைப் பக்கமாக, கை எட்டுமா என்று ஒரு தரம் பிடித்துப் பார்த்து, வைத்துவிட்டுப் போனார்.